மும்பை கேஷுவாலிட்டிக்கு புதுசா வர்ற நர்ஸ் தங்கச்சி தம்பிகளுக்கு: பேஷண்ட் பக்கம் நிக்கிறது எப்படி

ஊர்ல பி.எஸ்சி நர்சிங்கோ ஜி.என்.எம்மோ முடிச்சுட்டு மும்பைக்கு ரயில் ஏறி வந்து, எடுத்த எடுப்புலயே எமர்ஜென்சில போஸ்டிங் போட்டுட்டாங்க அக்கான்னு வயித்துல புளிய கரைச்சுகிட்டு மெசேஜ் பண்ற பிள்ளைங்களுக்காகத்தான் இத எழுதறேன். கேனுலா போடறது, மானிட்டர் மாட்டறது, கிராஷ் கார்ட்ல எது எங்க இருக்குங்கிறது எல்லாம் கொஞ்ச நாள்ல கை தானா பழகிடும், அத சொல்லித்தர சீனியர் இருப்பாங்க. யாரும் உட்கார வச்சு சொல்லித்தராத ஒண்ணு இருக்கு. கூட வந்து சத்தம் போட நாலு ஆளு இருக்கிற பேஷண்டுக்கு எல்லாம் சட்டுனு நடந்துடும். ஆள் இல்லாதவங்க, பாஷை தெரியாதவங்க, குடிச்சவங்க, விஷம் குடிச்சவங்க, கையில காசு இல்லாதவங்க, இவங்க ட்ராலிதான் சுவத்தோரமா ஒதுங்கி நிக்கும். அங்க போய் நிக்கிறதுதான் நம்ம வேலைன்னு நான் நினைக்கிறேன், அத எப்படி செய்றதுன்னு பாப்போம்.

1. சேர்றதுக்கு முன்னாடி

தமிழ்நாடு கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் கையில இருந்தா மட்டும் இங்க போதாது, மகாராஷ்டிரா நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும், அந்த பேப்பர் வேலைய ஊர்ல இருக்கும்போதே ஆரம்பிச்சிடுங்க.

முதல் வாரத்துல டாக்டர் பேர மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி வேற ஆளுங்கள தெரிஞ்சுக்கோங்க. வார்டு பாய இங்க மாமான்னுதான் கூப்பிடுவாங்க, ஆயாம்மாவ மாவ்ஷி. ராத்திரி ரெண்டு மணிக்கு சிடி ஸ்கேனுக்கு ட்ராலி தள்ள ஆள் கிடைக்கறதும் கிடைக்காததும் இவங்க கையில. அடுத்து மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் எந்த ரூம்ல உட்காருவாங்க, எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க. இன்சூரன்ஸ் திட்டம் இருக்கிற ஆஸ்பத்திரின்னா ஆரோக்யமித்ரா, அதாவது அந்த திட்டத்துல பேஷண்டுக்கு உதவி பண்ற ஆளு, அவங்க டெஸ்க் எங்க. டியூட்டி கான்ஸ்டபிள் எங்க. ப்ளட் பேங்க் எக்ஸ்டென்ஷன் நம்பர் என்ன. இத ஒரு சின்ன நோட்ல எழுதி யூனிஃபார்ம் பாக்கெட்ல வச்சுக்கோங்க, போன்ல வேணாம், க்ளவுஸ் போட்ட கையோட போன நோண்ட முடியாது.

பாஷைய பத்தி ரொம்ப பயப்படாதீங்க. இந்தி வராட்டாலும் நாலஞ்சு மராத்தி வார்த்தை இருந்தா முதல் நிமிஷத்த ஓட்டிடலாம். என்னாச்சுன்னு கேக்க ‘காய் ஜாலம்’, எங்க வலிக்குதுன்னு கேக்க ‘குடே துக்தய்’, பயப்படாதீங்கன்னு சொல்ல ‘காபரூ நகா’. வயசான அம்மாவ ஆஜின்னும் பெரியவர காகான்னும் கூப்பிடுங்க, பெட் நம்பர சொல்லி கூப்பிடாதீங்க. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் பக்கம் வேலைன்னா நம்ம ஆளுங்களும் நிறைய வருவாங்க, திருநெல்வேலி தூத்துக்குடி பேச்சு காதுல விழுந்துட்டே இருக்கும். அப்படி ஒரு அண்ணாச்சி வந்தா தமிழ்ல பேசுங்க, தப்பே இல்ல, ஆனா டாக்டர்கிட்ட அத அப்படியே எடுத்து சொல்ற பொறுப்பும் உங்களோடதுன்னு ஞாபகம் இருக்கட்டும். நீங்களா சுருக்கி ‘வயித்து வலி சார்’னு சொல்லிட்டு வந்துடாதீங்க.

2. உள்ள வந்த முதல் ரெண்டு நிமிஷம்

ட்ரையாஜ்ல, அதாவது யார முதல்ல பாக்கணும்னு தரம் பிரிக்கிறதுல, சிவப்பு (ரொம்ப அவசரம்), மஞ்சள், பச்சைன்னு பிரிக்கிற சிஸ்டம் படிச்சிருப்பீங்க, சில ஆஸ்பத்திரில 1ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போடுவாங்க. எதுவா இருந்தாலும், கத்துறவன் மூச்சு விடறான், அதனாலதான் கத்துறான். ரெண்டு பேர் ஒண்ணா வந்தா முதல்ல சத்தமே போடாதவன போய் பாருங்க. கைய தொட்டு பாருங்க, சில்லுனு வேர்த்து இருக்கா, மூச்ச எண்ணுங்க. நிறைய இடத்துல சார்ட்ல மூச்சு எண்ணிக்கைய எண்ணாமலே 20னு எழுதி வச்சிருப்பாங்க, எனக்கு எரிச்சலா வர்ற விஷயம் இது, ஏன்னா பிபி விழறதுக்கு முன்னாடியே மூச்சு ஏறிடும், அத எண்ணாம விட்டா அந்த ஆளு தன் உடம்பால சொன்னத நாம கேக்கலன்னுதான் அர்த்தம்.

நெஞ்சு வலின்னு நேரா சொல்றவங்க கம்மி. கேஸ் பிடிச்சிருக்கு, வாயு, நெஞ்சு கரிக்குது, கப்ராஹட் (படபடப்பு), சும்மா ஒரு மாதிரியா இருக்குன்னுதான் வருவாங்க, சுகர் இருக்கிற பெண்கள் இன்னும் மோசம், வெறும் களைப்புன்னு சொல்லி ஓரமா உட்கார்ந்திருப்பாங்க. வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்து டாக்டர் கண்ணுல காட்டணும், இது உலகம் பூரா இருக்கிற கணக்கு. வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து பக்கவாதம் மாதிரி வந்தா, ‘கடைசியா நல்லா இருந்தத எப்ப பாத்தீங்க’ன்னு மணியோட கேட்டு எழுதுங்க, எப்ப கண்டுபிடிச்சாங்கங்கிற நேரம் வேற, அது வேணாம். ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் ஜன்னல், அந்த ஒரு கேள்விய நீங்க கேக்காம விட்டா ஊசி போடலாமா வேணாமான்னு டாக்டர் கைய பிசைஞ்சுட்டு நிப்பாரு.

அப்புறம் ‘குடிச்சிருக்கான்’. இந்த ஒரு வார்த்தை கேஸ் பேப்பர்ல விழுந்துட்டா அந்த ட்ராலி பக்கம் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. குடிச்சவனுக்கும் சுகர் குறையும், குடிச்சவனுக்கும் தலையில ரத்தம் கட்டும், சொல்லப்போனா குடிச்சு விழுந்தவனுக்குத்தான் அதிகமா கட்டும். குளுக்கோமீட்டர்ல ஒரு சொட்டு வச்சு பாருங்க, ஜிசிஎஸ் (நினைவு எவ்வளவு தெளிவா இருக்குன்னு போடற மார்க், குறைஞ்சா மோசம்) போட்டு வைங்க, அரை மணிக்கு ஒருக்கா திரும்ப போய் பாருங்க. வெளிய பெஞ்ச்ல பச்சை டேக் போட்டு உட்கார்ந்திருக்கிறவங்களையும் அப்படித்தான், பச்சையா வந்தவன் மஞ்சளா மாறறது வெயிட்டிங்லதான் நடக்கும்.

3. கை வைக்கும்போது

ஒரு வரி சொல்லிட்டு கை வைங்க, அவ்வளவுதான். ‘சட்டைய வெட்டப் போறேன் காகா’, ‘ஊசி, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்’. மயக்கத்துல இருக்கிறவங்களுக்கும் சொல்லுங்க, கேக்குதா இல்லையான்னு நமக்கு எப்படி தெரியும். டிரஸ்ஸ வெட்டினா கைவசம் ஒரு ஷீட் முன்னாடியே இருக்கணும், வெட்டிட்டு தேட கூடாது. ஸ்கிரீன் இல்லன்னா ரெண்டு மாவ்ஷிய பெட்ஷீட்ட பிடிச்சு நிக்க சொல்லுங்க, நிப்பாங்க. அடிபட்டவங்களுக்கு போர்வை வெறும் மரியாதைக்கு மட்டும் இல்ல, உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையாது, அதனால அது வைத்தியமும் கூட.

வலிக்கு 0ல இருந்து 10 வரைக்கும் நம்பர் கேட்டு எழுதுங்க. வயித்து வலிக்கு மருந்து குடுத்தா நோய் மறைஞ்சுடும், சர்ஜன் வந்து பாக்கற வரைக்கும் தாங்கட்டும்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க, அது பழைய கதை. நம்பர காட்டி ‘சார் 8 சொல்றாங்க, ஏதாவது எழுதறீங்களா’ன்னு கேளுங்க, குடுத்த அப்புறம் திரும்ப கேட்டு புது நம்பர எழுதுங்க, அந்த ரெண்டாவது நம்பர்தான் பாதி சார்ட்ல இருக்காது.

வார்டுல பெட் இல்லாம ட்ராலியிலயே பகல் பூரா கிடக்கிற வயசானவங்க ரெண்டு மணிக்கு ஒருக்கா புரட்டப்படணும், எமர்ஜென்சின்னா அது நம்ம வேலை இல்லன்னு ஆயிடாது. இதே ஊர்ல கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸுங்க, தாக்கப்பட்டு சுயநினைவு இல்லாம போன தங்களோட சக நர்ஸ் அருணா ஷான்பாக்க 1973லிருந்து 2015ல அவங்க இறக்குற வரைக்கும் படுக்கைப்புண் வராம பாத்துகிட்டாங்க, ஷிஃப்ட் மாறி, தலைமுறையே மாறி. நம்மகிட்ட கேக்கறது ஒரு ஷிஃப்ட்.

4. பேர் தெரியாம வர்றவங்க

மும்பைல இது தினப்படி. ட்ராக் கிராஸ் பண்ணும்போது அடிபட்டு, லோக்கல்ல தொங்கிட்டு வந்து விழுந்து, ரயில்வே போலீஸ் தூக்கிட்டு வருவாங்க, ‘அன்னோன் மேல், சுமார் 30’னு எழுதி விட்டுடுவாங்க. முதல்ல உயிருக்கு செய்ய வேண்டியது. அது ஓடிட்டு இருக்கும்போதே ஒருத்தர் பாக்கெட்ட பாருங்க, ரயில்வே பாஸ், டிபன் பைக்குள்ள கம்பெனி ஐடி, போன் லாக்கா இருந்தாலும் எமர்ஜென்சி காண்டாக்ட் வருதான்னு பாருங்க. போன சைலண்ட்ல போட்டு ஓரமா வைக்காதீங்க, எப்படியும் அடிக்கும். கண்ணாடி உடைஞ்ச ஸ்கிரீன்ல ‘ஆயீ’ன்னு பேர் வந்துச்சுன்னா அது அந்த பையனோட அம்மா, கல்யாண்லயோ விராரிலயோ ஏன் இன்னும் வீட்டுக்கு வரலன்னு அடிக்கிறாங்க.

எடுத்தா என்ன சொல்றது? நீங்க யார், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், பையனுக்கு அடிபட்டிருக்கு, நிலைமை சீரியஸ், டாக்டருங்க பாத்துட்டு இருக்காங்க, தனியா வராதீங்க யாராவது கூட வாங்க. அவ்வளவுதான். ஒண்ணுமில்லம்மா சின்ன அடின்னு பொய் சொல்லாதீங்க. உயிர் போயிருந்தாலும் அத அந்த போன்ல சொல்லிடாதீங்க, அந்தம்மா ரெண்டு ட்ரெயின் மாறி வரணும். மழைக்காலத்துல தண்டவாளத்துல தண்ணி நின்னுச்சுன்னா வந்து சேர நாலு மணி நேரம் கூட ஆகும், அதனால திரும்ப கூப்பிட உங்க டெஸ்க் நம்பர குடுத்து வைங்க.

பர்ஸ், செயின், மோதிரம், எவ்வளவு காசு, எல்லாத்தையும் ரெண்டு பேர் பாத்து ரெண்டு பேர் கையெழுத்து போட்டு லிஸ்ட் எழுதணும். செயினுக்கு தங்க செயின்னு எழுதாதீங்க, மஞ்சள் நிற உலோக செயின்னு எழுதுங்க. காரணம் கேக்காதீங்க, சீனியர் சிரிச்சுகிட்டே சொல்லுவாங்க.

5. டாக்டர்கிட்ட வாய திறக்கிறது

நம்ம ஊர் பிள்ளைங்க பெரும்பாலும் தடுமாறற இடம் இதுதான். பெரியவங்க முன்னாடி குரல் உசத்தக்கூடாதுன்னு வளந்துட்டோம். குரல உசத்த வேணாம், நம்பர சொல்லுங்க. ‘சார் அந்த பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காரு, கொஞ்சம் வந்து பாருங்க’ன்னு சொன்னா எந்த ஹவுஸ்மேனும் (ஜூனியர் டாக்டர்) எழுந்து வரமாட்டாரு, அவரும் முப்பது மணி நேரமா தூங்காம இருப்பாரு பாவம். இப்படி சொல்லுங்க:

‘சார், 4ஆம் நம்பர் ட்ராலி, குடிச்சு விழுந்ததுன்னு பத்து மணிக்கு வந்தவர். வரும்போது ஜிசிஎஸ் 14, இப்ப 11. ரெண்டு தடவ வாந்தி. பல்ஸ் 52, பிபி 170க்கு 100, வலது கண் பாவை பெருசா இருக்கு. தலைக்குள்ள ரத்தம் கட்டுதோன்னு பயமா இருக்கு. நீங்க இப்ப வந்து பாக்கணும், சிடிக்கு நான் சொல்லி வைக்கட்டுமா?’

யாரு, என்னாச்சு, இப்ப என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேணும். எஸ்பார்னு படிச்சது இதுதான், பரீட்சைக்கு எழுதினதோட விட்டுட்டோம். வரலன்னா ரெண்டாவது தடவை ‘எனக்கு இது சேஃபா தெரியல சார்’னு சொல்லுங்க. அப்பவும் வரலன்னா ரெஜிஸ்ட்ரார், அப்புறம் சிஎம்ஓ (கேஷுவாலிட்டி மெடிக்கல் ஆபீசர்), கூடவே இன்சார்ஜ் சிஸ்டருக்கும் ஒரு போன். இது போட்டுக் குடுக்கறது இல்ல. ஒவ்வொரு தடவையும் நோட்ஸ்ல மணி போட்டு ‘2.10, டாக்டருக்கு தெரிவிக்கப்பட்டது’ன்னு எழுதுங்க, யாரையும் திட்டி எழுதாதீங்க, மணியும் நம்பரும் போதும். நாளைக்கு உங்களுக்கு பாதுகாப்பும் அதுதான்.

6. காசு, பெட், ‘வேற எங்கயாவது கூட்டிட்டு போங்க’

சட்டத்த கொஞ்சம் தெரிஞ்சு வச்சுகிட்டா பேசும்போது முதுகு நிமிரும். 1989ல பர்மானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, அரசு டாக்டரோ பிரைவேட் டாக்டரோ உயிர காப்பாத்தறது கடமை, போலீஸ் ஃபார்மாலிட்டி முடியட்டும்னு வைத்தியத்த நிறுத்தி வைக்கக்கூடாது. 1996ல மேற்கு வங்காளத்துல, ரயில்ல இருந்து விழுந்த ஒருத்தர ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா பெட் இல்லன்னு அலைய விட்ட கேஸ்ல, அரசு ஆஸ்பத்திரி நேரத்துக்கு வைத்தியம் தராதது அரசியல் சாசனத்தோட 21ஆவது பிரிவ மீறறதுன்னு சொல்லிட்டாங்க. ரோட்டுல அடிபட்டவர தூக்கிட்டு வந்த ஆட்டோக்காரர உட்கார வச்சு பேர் அட்ரஸ் சொல்லுன்னு மிரட்டவும் கூடாது, 2019ல மோட்டார் வாகன சட்டத்துல 134ஏன்னு சேத்து அவங்களுக்கு பாதுகாப்பு குடுத்திருக்காங்க. அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க.

மும்பைல பெரிய பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரி நிறைய டிரஸ்ட் ஆஸ்பத்திரிதான். பாம்பே ஹைகோர்ட் 2006ல ஓகே பண்ண ஸ்கீம்படி அங்கெல்லாம் 10 சதவீத பெட் ஏழைங்களுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் சலுகை விலை. எமர்ஜென்சின்னா உடனே அட்மிட் பண்ணி நிலைமைய ஸ்டெடி பண்ணணும், ஏழை பேஷண்ட்கிட்ட டெபாசிட் கேக்கக்கூடாது. இது பேஷண்ட் வீட்டுக்கு தெரியாது, பில்லிங் கவுண்டர்ல இருக்கிறவர் தானா சொல்லவும் மாட்டாரு. நீங்க கவுண்டர்ல போய் சண்டை போட வேணாம், சோஷியல் வொர்க்கர வரச்சொல்லி அவங்க முன்னாடி ‘இவங்ககிட்ட என்ன ரேஷன் கார்டு இருக்குன்னு பாருங்க மேடம்’னு ஒரு வார்த்தை. அரசாங்கத்தோட மகாத்மா ஜோதிராவ் புலே இன்சூரன்ஸ் திட்டத்துல அந்த ஆஸ்பத்திரி இருந்துச்சுன்னா ஆரோக்யமித்ராகிட்ட அனுப்புங்க.

வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆகணும்னா: அங்க போன் பண்ணி பெட் இருக்குன்னு ஒருத்தர் பேரோட கன்ஃபர்ம் பண்ணியாச்சா, லெட்டர்ல குடுத்த மருந்தும் மணியும் இருக்கா, ஆம்புலன்ஸ் சிலிண்டர்ல ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கு. சயான்லருந்து பரேல் கிட்டதான், ஆனா சாயங்காலம் ஆறு மணி டிராஃபிக்ல கிட்டன்னு ஒண்ணு கிடையாது.

கையெழுத்து போட்டுட்டு கூட்டிட்டு போறோம்னு யாராவது சொன்னா ஃபார்ம நீட்டறதுக்கு முன்னாடி ஏன்னு ஒரு கேள்வி கேளுங்க. பெரும்பாலும் காசு. இல்லன்னா வீட்ல சின்னப்பிள்ளை தனியா இருக்கும், இல்ல நாளைக்கு வேலைக்கு போகலன்னா கூலி போயிடும். காரணம் தெரிஞ்சா பாதி கேஸ நிறுத்திடலாம்.

7. எம்எல்சி (போலீஸுக்கு சொல்ல வேண்டிய கேஸ்), பெண்கள், விஷம்

தீக்காயத்தோட வர்ற பொண்ண சுத்தி மாமியாரும் புருஷனும் நின்னுகிட்டு ஸ்டவ் வெடிச்சிருச்சுன்னு அவங்களே பதில் சொல்லுவாங்க. ட்ரெஸ்ஸிங் பண்ணணும் வெளிய இருங்கன்னு எல்லாரையும் அனுப்பிடுங்க, அது நமக்கு இருக்கிற நல்ல சாக்கு. அப்புறம் மெதுவா கேளுங்க. என்ன சொன்னாங்களோ அவங்க வார்த்தையிலயே டாக்டர்கிட்ட சொல்லுங்க, வாக்குமூலம் எடுக்கணும்னா மாஜிஸ்திரேட்டுக்கு சொல்லி விடறது டாக்டரும் போலீஸும் பண்ணுவாங்க. இந்த மாதிரி பெண்களுக்காக ஆஸ்பத்திரிக்குள்ளயே ‘திலாசா’ன்னு ஒரு மையம் 2000த்துல பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில மாநகராட்சியும் சேஹத்ங்கிற அமைப்பும் சேந்து ஆரம்பிச்சாங்க, இப்ப வேற மாநகராட்சி ஆஸ்பத்திரிகள்லயும் இருக்கு, உங்களுக்கு கிட்ட எது இருக்குன்னு கேட்டு அந்த பாக்கெட் நோட்ல எழுதுங்க.

பாலியல் வன்முறைன்னு வந்தா, வைத்தியம் உடனே, இலவசமா, பிரைவேட் ஆஸ்பத்திரியா இருந்தாலும். பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்ற விசாரணை முறை சட்டத்தோட 397 அதத்தான் சொல்லுது, பாக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினா பிஎன்எஸ்ங்கிற புது தண்டனை சட்டத்தோட 200ல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். போலீஸுக்கு தகவல் போகணும், ஆனா போலீஸ் வந்தாதான் பாப்போம்னு சொல்லக்கூடாது. ரெண்டு விரல் பரிசோதனைய சுப்ரீம் கோர்ட் 2013லயே தப்புன்னு சொல்லிடுச்சு, 2022ல திரும்பவும் கண்டிச்சு சொல்லியிருக்கு, யாராவது பழக்க தோஷத்துல ட்ரே கேட்டா ‘சார் அது இப்ப கிடையாது’ன்னு சொல்லிடுங்க. துணிய பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, ஈரம் தங்கி தடயம் கெட்டுடும், காகித கவர். கத்திக்குத்துன்னா சட்டைல குத்துன ஓட்டை வழியா வெட்டாதீங்க, தள்ளி வெட்டுங்க.

விஷம் குடிச்சு வர்றவங்கள திட்டறது நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி. ‘சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா’ன்னு கேக்கறவங்கள நீங்களும் பாப்பீங்க. 2017 மனநல சட்டத்தோட 115ஆவது பிரிவு அப்படி வர்றவர கடுமையான மன அழுத்தத்துல இருந்தவராதான் பாக்கணும்னு சொல்லுது. பூச்சி மருந்துன்னா க்ளவுஸ் போட்டுகிட்டு துணிய கழட்டி, தலைமுடி உள்பட சோப்பு போட்டு கழுவுங்க, தோல் வழியாவும் ஏறும். எலி பேஸ்ட்னா இன்னும் உஷார்: முதல் நாள் ஒண்ணுமே இருக்காது, பிள்ளை எழுந்து உட்கார்ந்து டீ கேக்கும், வீட்ல நல்லாயிட்டான்னு கூட்டிட்டு போக நிப்பாங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சு கல்லீரல் போய் கண்ணு மஞ்சளாகி திரும்ப வருவாங்க. இத அவங்க பாஷையில, உட்கார வச்சு, ரெண்டு தடவை சொல்லுங்க. வீட்டுக்கு போகும்போது டெலி மானஸ் நம்பர் 14416 எழுதி குடுங்க.

8. போயிட்டாங்கன்னா

சொல்றது டாக்டர், பக்கத்துல நிக்கிறது நாம. காரிடார்ல நிக்க வச்சு சொல்ல விடாதீங்க, ஸ்டோர் ரூமா இருந்தாலும் சரி ஒரு கதவு, ஒரு சேர். சுத்தி வளைக்காம இறந்துட்டாங்கன்னு தெளிவா சொல்லணும், ‘எங்களால முடிஞ்சத பண்ணோம்’னு மட்டும் சொன்னா இன்னும் உயிர் இருக்குன்னு நினைச்சுட்டு நிப்பாங்க. முகத்த தொடச்சு, ரத்தம் தெரியாம மூடி, அப்புறம் பாக்க விடுங்க. எம்எல்சின்னா ட்யூப், கேனுலா எதையும் கழட்டாதீங்க, போஸ்ட்மார்ட்டம் வரைக்கும் அப்படியே இருக்கணும், ஏன் கழட்டலன்னு வீட்டுக்காரங்களுக்கும் சொல்லிடுங்க.

கும்பலா வந்து கத்துறாங்கன்னா பெரும்பாலும் ரெண்டு மணி நேரமா யாரும் ஒரு வார்த்தை சொல்லாம விட்டதுதான் காரணம். அரை மணிக்கு ஒருக்கா வெளிய போய் ‘இன்னும் ஸ்கேன் ரிப்போர்ட் வரல’ன்னாவது சொல்லுங்க. அதையும் மீறி கை ஓங்கினா பொறுத்துக்க வேண்டியதில்ல, மகாராஷ்டிரால 2010லயே அதுக்கு சட்டம் இருக்கு, ஜாமீன் இல்லாத குற்றம். செக்யூரிட்டிய கூப்பிட்டுட்டு நீங்க கதவு பக்கமா நில்லுங்க.

9. ஷிஃப்ட் மாத்தி விடும்போது

பேஷண்ட் பக்கத்துலயே நின்னு ஹேண்டோவர் குடுங்க, டெஸ்க்ல நின்னு குடுக்காதீங்க. மருந்து, ட்ரிப், யூரின் அளவு எல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு மேல மூணு விஷயம் சேத்துக்கோங்க: யாருக்கு போன் போட்டோம் யார் இன்னும் வரல, வீட்டுக்கு எது சொல்லியாச்சு எது சொல்லல, எந்த பேஷண்டுக்கு கூட ஆள் இல்ல. ‘6ஆம் நம்பர் ஆஜிக்கு மகன் நாசிக்லருந்து கிளம்பிட்டாரு, அதுவரைக்கும் யாரும் இல்ல, பல் செட் டப்பாவுல இருக்கு, தண்ணி கேட்டா நனைச்ச பஞ்சுதான் குடுக்கணும், சர்ஜரிக்கு போறாங்க.’ அடுத்த சிஸ்டர் இத எழுதிக்கிறாங்களான்னு பாத்துட்டு கிளம்புங்க. முதல் லோக்கல்ல உட்கார இடம் கிடைக்கும், போய் தூங்குங்க.